ஒன்றுமே நடக்காத நாவல்களை வாசிப்பது எப்படி? சமகால அமெரிக்கப் புனைவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சமகால அமெரிக்க நாவல் ஒன்றை ஆசையாக வாங்கி, ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் மூடிவைத்த நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "நல்லாத்தான் எழுதியிருக்காங்க, ஆனா ஒண்ணுமே நடக்கலையே." விருது வாங்கிய புத்தகமாக இருந்துவிட்டால் எரிச்சல் இரண்டு மடங்கு.

அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. இந்த வகை நாவல்களில் சம்பவம் குறைவு. ஒரு சாவு நிகழ்ந்தால்கூட, அது நிகழ்ந்து பல மாதமோ பல வருடமோ கழித்துத்தான் கதை தொடங்கும். இவற்றை விடாமல் வாசித்துவருவதில் எனக்குப் பிடிபட்ட வழி இது: அடுத்து என்ன நடக்கும் என்று தேடாமல், இதை யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார் என்று கவனிப்பது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான்.

சமகாலம் என்று நான் வைத்துக்கொள்வது சுமாராக 1980-க்குப் பிறகு வந்தவற்றை. ஆங்கிலத்திலேயே வாசிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சில கதைகளின் முடிவைச் சொல்லாமல் விளக்க முடியவில்லை, அதற்கு முன்கூட்டியே மன்னிப்பு.

முதல் படி: நாவலை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு சிறுகதை

ஜும்பா லாஹிரி லண்டனில் வங்காளிப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வளர்ந்தவர். 1999-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பான 'இன்டர்ப்ரிட்டர் ஆஃப் மாலடீஸ்' அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கியது. ஒன்பது கதைகள். முதல் கதையான 'எ டெம்பரரி மேட்டர்' போதும் நமக்கு இப்போது.

பனிப்புயலில் பழுதான மின்கம்பியைச் சரிசெய்யப் போகிறார்கள். ஐந்து நாளைக்கு இரவு எட்டு மணியிலிருந்து ஒரு மணி நேரம் கரண்ட் இருக்காது என்று வீட்டுக்கு அறிவிப்பு வருகிறது. அந்த வீட்டில் ஷோபா, ஷுகுமார் என்று ஒரு தம்பதி. ஆறு மாதத்துக்கு முன்னால் அவர்களுடைய குழந்தை இறந்தே பிறந்தது. அதிலிருந்து இருவரும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் தவிர்த்து வாழ்கிறார்கள். முதல் நாள் இரவு வீட்டில் ஒழுங்கான மெழுகுவர்த்திகூட இல்லை. பிறந்தநாள் கேக்கில் வைக்கும் குட்டி மெழுகுவர்த்திகள்தான் கிடைக்கின்றன. அவற்றைச் செடித்தொட்டி மண்ணில் குத்தி ஏற்றிவைக்கிறான் ஷுகுமார். குழந்தை இல்லாமல் போன வீட்டில் பிறந்தநாள் மெழுகுவர்த்தி. லாஹிரி இதைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை, அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

இருட்டில் சாப்பிட்டுக்கொண்டே, இதுவரை சொல்லாத ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்லலாம் என்கிறாள் ஷோபா. முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். அறிமுகமான புதிதில் அவன் முகவரிப் புத்தகத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்த்தது, அந்த மாதிரி. நாளுக்கு நாள் கனம் கூடுகிறது. கடைசி இரவில், தனியாகப் போய் வாழ வீடு பார்த்துவிட்டதாக அவள் சொல்கிறாள்.

இதை ஒரே வாரத்தில் இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை, ஒரு தம்பதி மெல்ல நெருங்கிவருவதாகத் தோன்றும். ஏனென்றால் கதை ஷுகுமாரின் கண் வழியாகத்தான் வருகிறது, அவனுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இரண்டாம் முறை வாசிக்கும்போது ஷோபாவை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு இரவும் அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். வார்த்தை எதுவும் மாறவில்லை, ஆனால் கதை வேறு. வீடு பார்த்துவிட்டதாக அவள் சொன்னதும், பதிலுக்குக் குழந்தையைப் பற்றி ஷுகுமார் சொல்வதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

இரண்டாவது படி: ஒரே கதையின் இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

சொல்லாமல் விடுவது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள ரேமண்ட் கார்வரை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. 1938-இல் பிறந்தவர், அப்பா மர அறுவை மில் தொழிலாளி. 1981-இல் வந்த அவருடைய இரண்டாவது பெரிய தொகுப்பு அமெரிக்கச் சிறுகதையின் நடையையே மாற்றியது என்பார்கள். அந்த நடையில் எவ்வளவு கார்வருடையது, எவ்வளவு அவருடைய பதிப்பாசிரியர் கார்டன் லிஷ்ஷுடையது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. லிஷ் அந்தக் கையெழுத்துப் பிரதியில் பாதிக்கு மேல் வெட்டித் தள்ளியிருந்தார். வெட்டப்படாத மூலம் 2009-இல்தான் 'பிகினர்ஸ்' என்ற பெயரில் தனிப் புத்தகமாக வந்தது.

வாசகனுக்கு இதைப் போல ஒரு அதிர்ஷ்டம் அடிக்கடி வாய்க்காது. 1981 தொகுப்பில் 'தி பாத்' என்று ஒரு கதை. ஒரு தாய் மகனின் பிறந்தநாளுக்குக் கேக் ஆர்டர் செய்கிறாள். பிறந்தநாளன்று பையன் காரில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கிறான். கேக்கை வாங்க யாரும் வராததால் பேக்கரிக்காரர் வீட்டுக்கு போன் மேல் போன் போடுகிறார். நடந்தது அவருக்குத் தெரியாது. போனில் பேசுவது யாரென்று பெற்றோருக்கும் புரிவதில்லை. கதை ஒரு போன் அழைப்பின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. பையன் பிழைத்தானா இல்லையா என்றுகூடத் தெரியாது.

1983-இல் கார்வர் இதே கதையை 'எ ஸ்மால், குட் திங்' என்று நீண்ட வடிவில் தன் அடுத்த தொகுப்பில் சேர்த்தார். அதில் பையன் இறந்துவிடுகிறான். நள்ளிரவில் பெற்றோர் ஆத்திரத்தோடு பேக்கரிக்குப் போகிறார்கள். விஷயம் தெரிந்ததும் அந்த மனிதர் உடைந்துபோய் மன்னிப்புக் கேட்கிறார், உட்காரச் சொல்லி, அடுப்பிலிருந்து எடுத்த சூடான ரொட்டியைத் தின்னக் கொடுக்கிறார். விடியும்வரை அங்கேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, எது உங்களுக்குப் பிடித்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். என் ஓட்டு நீண்ட கதைக்கு. வெட்டப்பட்டது பயமுறுத்துகிறது, அதில் மனிதர்கள்கூடப் பெரும்பாலும் 'அம்மா', 'அப்பா' என்றே வருகிறார்கள். நீண்டதில் அவர்களுக்குப் பசிக்கிறது. இதற்கு நேர் எதிராக, 'தி பாத்' கதைதான் உச்சம் என்று அடித்துப் பேசும் நல்ல வாசகர்களும் எனக்குத் தெரியும். இங்கே முக்கியம், எதை வெட்டினால் என்ன போகிறது என்று கண்ணெதிரே பார்த்துவிடுவது. இதற்கப்புறம் எந்த அமெரிக்கக் கதையிலும் விடுபட்ட இடங்கள் உங்கள் கண்ணில் படத் தொடங்கும்.

மூன்றாவது படி: நாவல் என்றால் முதல் இருபது பக்கம் இரண்டு முறை, அதில் ஒரு முறை வாய்விட்டு

வாய்விட்டு வாசிக்க நான் எப்போதும் பரிந்துரைப்பது மரிலின் ராபின்சனின் 'கிலியட்'. அவருடைய முதல் நாவல் 1980-இல் வந்தது, இரண்டாவதான இது 2004-இல். இடையில் 24 வருடம். 2005-இல் புலிட்சர்.

ஆண்டு 1956. அயோவா மாநிலத்தில் கிலியட் என்ற கற்பனைச் சிற்றூர். ஜான் ஏம்ஸ் என்ற போதகருக்கு 76 வயது, இதய நோய். வயோதிகத்தில் செய்துகொண்ட கல்யாணத்தில் ஒரு மகன், அவனுக்கு ஏழு வயதுகூட ஆகவில்லை. தான் இல்லாத காலத்தில் வளர்ந்தபிறகு அவன் வாசிக்க வேண்டும் என்று அவர் எழுதும் கடிதம்தான் நாவல்.

யார், யாருக்கு என்ற கேள்விகளுக்கு முதல் பக்கத்திலேயே பதில் கிடைத்துவிடுகிறது. அதனால் எல்லா வரியும் வேறு மாதிரி கேட்கிறது. முற்றத்தில் பையன் சோப்புக் குமிழி ஊதுவதை ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதும்போது, அது வெறும் வர்ணனையாக நிற்பதில்லை. அந்தப் பையன் முப்பது வயதில் இதை வாசிப்பான், எழுதியவர் அப்போது இருக்கமாட்டார் என்பது நமக்குத் தெரியும். வேகமாக வாசித்தால் இது கைநழுவிவிடும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம், கடிதத்தை அப்படித்தான் அவர் எழுதியிருப்பார்.

ஒரு இடத்தைச் சொல்கிறேன். ஏம்ஸ் சிறுவனாக இருந்தபோது, இடி விழுந்து எரிந்துபோன ஒரு தேவாலயத்தை ஊரார் மழையில் நனைந்தபடி இடித்து அப்புறப்படுத்துகிறார்கள். அவருடைய அப்பா கரி படிந்த கையால் ஒரு பிஸ்கட்டைப் பிட்டு மகனிடம் கொடுக்கிறார். சாம்பல் ஒட்டிய அந்தத் துண்டை வாழ்நாள் முழுக்க ஏம்ஸ் திருவிருந்தாக நினைத்துக்கொள்கிறார். அதே சமயம், அந்த நினைவு நடந்தபடிதான் இருக்கிறதா என்று அவருக்கே முழு நிச்சயம் இல்லை. கதைசொல்லி தன் ஞாபகத்தைத் தானே சந்தேகிக்கும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பின்னால், நண்பரின் மகன் ஜாக் ஊருக்குத் திரும்பி வரும்போது, இந்த நல்ல மனிதரின் குரலில் ஒரு பயமும் பொறாமையும் கலக்கின்றன. அவர் அதை ஒப்புக்கொள்வதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும், காது பழகியிருந்தால்.

குரலைக் கேட்க இன்னொரு நல்ல பயிற்சி எலிசபெத் ஸ்ட்ரவுட்டின் 'ஆலிவ் கிட்டரிட்ஜ்' (2008). மெய்ன் மாநிலக் கடலோர ஊரில் பதின்மூன்று கதைகள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஆலிவ் சிலவற்றில் நடுநாயகம், சிலவற்றில் சும்மா கடந்து போகிறார். கடுகடுப்பான பெண்மணி. அவரை அவரே பார்ப்பதற்கும் ஊர் பார்ப்பதற்கும் உள்ள தூரம்தான் புத்தகம்.

நான்காவது படி: வரலாறு தேவைப்படும் இடத்தில் மட்டும்

'கிலியட்' நாவலில் ஏம்ஸின் தாத்தா வருகிறார். ஒற்றைக்கண்ணர், போதகர். கொடியில் காயும் துணியைக்கூட எடுத்து இல்லாதவருக்குக் கொடுத்துவிடுவார், மருமகள் காசை ஒளித்துவைத்தே குடும்பம் நடத்த வேண்டியிருக்கும். சிரிப்பு வரும் பகுதி. ஆனால் அவர் ஏன் துப்பாக்கியோடு பிரசங்க மேடையில் ஏறினார் என்று புரிய, 1854-க்குப் பிறகு கான்சஸ் பகுதியில் என்ன நடந்தது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கான்சஸில் அடிமைமுறை இருக்கலாமா என்பதை அங்கே குடியேறுபவர்களே முடிவு செய்யலாம் என்று சட்டம் வந்ததும், இரு தரப்பும் ஆட்களைக் கொண்டுபோய்க் குவித்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அயோவாவின் சில ஊர்கள் அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் புகலிடமாக இருந்தன. அந்த ஊர்களின் பேரப்பிள்ளைகள் 1956-இல் அதையெல்லாம் மறந்துவிட்டு வாழ்வதுதான் நாவலின் அடியில் ஓடும் கதை.

அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய பின்னணி இது. அதற்கு மேல் படிக்கப் போனால் நாவல் பாடப்புத்தகமாகிவிடும். டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) நாவலுக்கு மார்கரெட் கார்னரின் கதை தெரிந்தால் போதும்: 1856-இல் கென்டக்கியிலிருந்து குடும்பத்தோடு ஓஹியோவுக்குத் தப்பியவர், பிடிபடும் நேரத்தில், மகள் மறுபடி அடிமையாகக் கூடாது என்று அவளைக் கொன்றவர். மாரிசன் ராண்டம் ஹவுஸில் பதிப்பாசிரியராக இருந்தபோது ஒரு பழைய செய்தித்தாள் குறிப்பில் இதைக் கண்டார். அதையும் முதல் ஐம்பது பக்கம் குழம்பிய பிறகு தெரிந்துகொள்ளுங்கள். கதை நடக்கும் வீட்டுக்குள் நாம் குழம்பி நுழைய வேண்டும் என்றுதான் அவர் அப்படி எழுதியிருக்கிறார்.

கால்சன் வைட்ஹெட்டின் 'தி நிக்கல் பாய்ஸ்' (2019) இதற்கு நேர்மாறு. ஃப்ளோரிடாவில் உண்மையிலேயே இருந்த, 2011-இல் மூடப்பட்ட டோசியர் சீர்திருத்தப் பள்ளிதான் அதற்கு மூலம், அந்த வளாகத்தில் அடையாளமில்லாத கல்லறைகள் கண்டெடுக்கப்பட்டன என்று முன்பே தெரிந்து வாசித்தால் நாவல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

ஐந்தாவது படி: வடிவ விளையாட்டுகளுக்குப் பயப்படாதீர்கள்

கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' (2006) நாவலில் உரையாடலுக்கு மேற்கோள் குறி இருக்காது. நாலு பக்கத்தில் பழகிவிடும். ஜெனிஃபர் ஈகனின் 'எ விசிட் ஃப்ரம் தி கூன் ஸ்குவாட்' (2010) நாவலில் ஒரு அத்தியாயம் முழுக்க பவர்பாயின்ட் ஸ்லைடுகள், ஒரு சிறுமி தன் அண்ணனைப் பற்றிச் செய்தது. ராக் பாட்டுகளின் நடுவே வரும் மௌனங்களைச் சேகரிக்கும் பையன் அவன். கேட்டால் வெறும் வித்தை மாதிரி இருக்கும், வாசித்தால் தொண்டையை அடைக்கும்.

ஜார்ஜ் சாண்டர்ஸின் 'லிங்கன் இன் தி பார்டோ' மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும். 1862 பிப்ரவரியில் லிங்கனின் மகன் வில்லி இறக்கிறான். அவனை வைத்த கல்லறைத் தோட்டத்தில் ஒரே இரவில், ஆவிகளின் பேச்சாகவும் வரலாற்று நூல் மேற்கோள்களாகவும் கதை நகர்கிறது. மேற்கோள்களில் சில நிஜம், சில சாண்டர்ஸ் இட்டுக்கட்டியவை. திணறினால் ஆடியோபுக்குக்குப் போய்விடுங்கள், 166 பேர் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

ஆறாவது படி: ஜோடியாக வாசிப்பது

பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' 2024-இல் வந்தது. அந்த ஆண்டின் தேசியப் புத்தக விருதும், 2025-இன் புலிட்சரும் அதற்குக் கிடைத்தன. மார்க் ட்வெய்னின் ஹக்கிள்பெரி ஃபின் கதையை, ஹக் என்ற வெள்ளைச் சிறுவனோடு தப்பிச்செல்லும் அடிமை ஜிம்மின் (இங்கே அவன் பெயர் ஜேம்ஸ்) வாயால் சொல்லும் நாவல். ட்வெய்னை முதலில் வாசித்துவிடுங்கள், முழுதாக முடியாவிட்டாலும் பாதியாவது. ஏனென்றால் எவரெட் கேட்கும் கேள்வியே, அந்தக் கதையை யார் சொன்னார்கள் என்பதுதான்.

தொடக்கத்திலேயே ஒரு காட்சி. ஜேம்ஸ் அடிமைக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறான். பாடம்: வெள்ளைக்காரர் முன்னால் எப்படிக் கொச்சையாகப் பேசுவது. தங்களுக்குள் அவர்கள் சுத்தமான, படித்த ஆங்கிலம் பேசுகிறவர்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் சமையலறையில் தீப்பிடித்தால் என்ன சொல்வாய் என்று கேட்கிறான். 'தீ, தீ' என்று கத்துவேன் என்கிறது ஒரு குழந்தை. கிட்டத்தட்ட சரி, ஆனால் அப்படி நேரடியாகச் சொல்லக் கூடாது. 'ஐயோ அம்மா, அங்கே பாருங்களேன்' என்பதுதான் சரியான விடை. ஆபத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையை வெள்ளையருக்கு விட்டுவிட வேண்டும் என்று ஒரு சிறுமி காரணம் சொல்கிறாள்.

வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் காட்சி. சிரித்து முடித்து ட்வெய்னைத் திறந்தால், ஜிம் பேசும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒருவன் நடித்துக்கொண்டிருப்பது தெரியும். ஒரு நாவல் நூற்று நாற்பது வருடப் பழைய நாவலுக்குள் புகுந்து அதை மாற்றிவிடுகிறது. அண்மைய அமெரிக்க நாவல்களில் எனக்கு இதைவிட உற்சாகம் தந்தது வேறில்லை. எவரெட் திடீரென்று முளைத்தவரும் இல்லை, பல வருடம் மினசோட்டாவின் கிரேவுல்ஃப் என்ற சிறிய பதிப்பகம்தான் அவருடைய புத்தகங்களைத் தொடர்ந்து கொண்டுவந்தது. பெரிய பதிப்பகங்களின் அட்டையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஏழாவது படி: விருதுப் பட்டியலைப் பயன்படுத்தும் விதம்

வென்ற புத்தகத்தை விட, இறுதிச்சுற்றுக்கு வந்த மூன்றில் மெலிந்த புத்தகத்தை எடுப்பது என் வழக்கம். 2012-இல் புலிட்சர் குழு புனைவுக்கு யாருக்கும் பரிசு கொடுக்கவில்லை. அப்போது இறுதிச்சுற்றில் இருந்த ஒன்று டெனிஸ் ஜான்சனின் 'ட்ரெய்ன் ட்ரீம்ஸ்'. ஐடஹோவின் வடகோடியில் ரயில்பாதை வேலை செய்து வாழ்ந்த ஒரு கூலித்தொழிலாளியின் முழு ஆயுளும் நூற்றுச் சொச்சம் பக்கத்தில். பரிசு வாங்கிய பல குண்டு நாவல்களை இதற்கு ஈடாக நான் கொடுத்துவிடுவேன்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. 1936-இல் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறை மாதிரி, பல்கலைக்கழகங்களிலேயே எழுத்துப் பயிற்சி பெற்றவர்கள் இந்தப் பட்டியல்களில் மிக அதிகம். ராபின்சன் அங்கே ஆசிரியராக இருந்தவர், சாண்டர்ஸ் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். அதனால் நல்லதும் உண்டு, ஒரே அச்சில் வார்த்த கதைகளும் உண்டு: நிகழ்கால வினையில், விவாகரத்தான ஒரு பேராசிரியர், ஏரிக்கரை வீடு. இப்படி மூன்று அடுத்தடுத்து வந்தால் லூயிஸ் எர்ட்ரிக் பக்கம் போங்கள். ஒஜிப்வே பழங்குடி வாழ்க்கையை எழுதுகிறவர், மினியாபொலிஸில் சொந்தமாகப் புத்தகக்கடையும் வைத்திருக்கிறார். அல்லது காத்ரினா புயல் நெருங்கும் மிசிசிப்பி கிராமத்தை எழுதிய ஜெஸ்மின் வார்டின் 'சால்வேஜ் தி போன்ஸ்' (2011). அதில் சம்பவத்துக்கும் குறைவில்லை.

எட்டாவது படி: கைவிடுவது

எண்பது பக்கம் வரை குரல் பிடிபடவில்லை என்றால் விட்டுவிடலாம். ஆனால் ஒரு வேலை செய்துவிட்டு விடுங்கள்: கடைசி அத்தியாயத்தின் முதல் பக்கத்தை வாசியுங்கள். சொல்கிறவர் தொடக்கத்தில் பேசிய மாதிரியே அங்கேயும் பேசினால் தயங்காமல் மூடலாம். மாறியிருந்தால், எப்படி மாறினார் என்ற ஆர்வத்திலேயே நடுப்பகுதி ஓடிவிடும். முடிவு தெரிந்துவிடுமே என்று கவலைப்பட இது துப்பறியும் கதை இல்லையே.

ஜானதன் ஃபிரான்சனின் 'தி கரெக்‌ஷன்ஸ்' (2001) நாவலை நான் இப்படித்தான் முடித்தேன். கடைசியாக ஒரு கிறிஸ்துமஸுக்கு மூன்று பிள்ளைகளும் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒரு அம்மா ஆசைப்படுகிறார், அப்பாவுக்கு நடுக்குவாதம் முற்றிக்கொண்டிருக்கிறது. பெற்றோர் வரும் பக்கங்கள் அபாரம். வேலையிழந்த இரண்டாவது மகன் வரும் முதல் நூறு பக்கம் எனக்கு இன்றும் கசப்பு.

எங்கே கிடைக்கும், எந்த வரிசையில்

சென்னையில் இருப்பவர்களுக்கு அமெரிக்கத் துணைத்தூதரக நூலகம் இருக்கிறது. கார்வர், லாஹிரி எல்லாம் பழைய புத்தகக் கடைகளிலும் அகப்படும். காதால் பழக நியூயார்க்கர் பத்திரிகையின் புனைவு பாட்காஸ்ட் நல்ல வழி, இலவசம். ஒரு எழுத்தாளர் அந்தப் பத்திரிகையில் முன்பு வந்த வேறொருவரின் கதையைத் தேர்ந்தெடுத்து வாசித்து, புனைவுப் பிரிவின் ஆசிரியர் டெபோரா ட்ரீஸ்மனோடு அதைப் பற்றிப் பேசுவார். முதலில் கதையை மட்டும் கேளுங்கள், ஒரு நாள் விட்டு அந்த உரையாடலைக் கேளுங்கள்.

வரிசை வேண்டுமென்றால் லாஹிரியின் அந்த ஒரு கதை, கார்வரின் இரண்டு வடிவங்கள், 'ட்ரெய்ன் ட்ரீம்ஸ்', 'ஆலிவ் கிட்டரிட்ஜ்', அப்புறம் ட்வெய்னும் 'ஜேம்ஸ்' நாவலும் சேர்த்து. 'கிலியட்' அதற்கும் பிறகு, அவசரமில்லாத ஒரு மாதத்தில். 'பிலவ்ட்' எப்போது என்று கேட்பவர்களுக்கு: 'ஜேம்ஸ்' முடித்த கையோடு வேண்டாம், நடுவில் லேசாக ஏதாவது வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.